தூங்கும் பம்பரமும் சுழலும் காந்தமும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி பக்கமெல்லாம் போர்வெல் மோட்டார் எரிந்தால் பெரும்பாலும் அங்கேதான் வரும். போன மாதம் மிக்ஸிக்கு கார்பன் பிரஷ் வாங்கப் போயிருந்தேன். ஒரு ஸ்டேட்டரின் (மோட்டாரில் சுற்றாமல் நிற்கும் இரும்புப் பகுதி) சிலாட்டுகளில் செப்புக் கம்பிச் சுருளைச் சொருகி, மூங்கில் சீவலை அடித்து இறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"தம்பி, பொண்ணு பிளஸ் டூ படிக்குது. ஒரு கேள்வி கேட்டுச்சு, எனக்குப் பதில் தெரியல. காந்தத்தை நின்ன இடத்துலயே சுத்த விட்டா, அதைச் சுத்தி இருக்கற காந்தக் கோடும் கூடவே சுத்துமா? இல்ல, கோடு அப்படியே நிக்க காந்தம் மட்டும் சுத்துமா?"

"சுத்தும்ணே" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். நல்ல வேளை, சொல்லவில்லை. "சுத்தாது" என்று சொல்லியிருந்தாலும் முழுக்கச் சரியாக இருந்திருக்காது. மைக்கேல் ஃபாரடே 1831-ல் கிளப்பிவிட்ட கேள்வி இது. நூறு வருடம் போல இயற்பியல்காரர்கள் இதற்காக மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

முதலில் எந்தச் சுழற்சியைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். நீளமான சட்டகாந்தம் ஒன்றை நடுவில் பிடித்து ஃபேன் இறக்கை மாதிரிச் சுற்றினால், பக்கத்தில் இருக்கும் ஓர் இடத்தை வட துருவம் ஒரு முறை கடக்கும், அடுத்து தென் துருவம் கடக்கும். அந்த இடத்தில் காந்தப்புலம் மாறி மாறி வருகிறது. இதில் சண்டையே இல்லை. பழைய சைக்கிள் டைனமோவுக்குள் சுற்றுவது இப்படிப்பட்ட காந்தம்தான். நெய்வேலி அனல் மின் நிலையத்து ஜெனரேட்டர்களில் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும் ரோட்டரும் இதே கதைதான். அதனால்தான் நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது.

சண்டை வேறு இடத்தில். தட்டையான வட்டக் காந்தம் ஒன்று. மேல் முகம் முழுக்க வட துருவம், அடி முகம் முழுக்கத் தென் துருவம். அதை இசைத்தட்டு போல அதன் அச்சிலேயே சுழற்றுகிறோம். எந்தத் துருவமும் எந்த இடத்தையும் கடப்பதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறவில்லை. அப்போது கோடுகள் என்ன ஆகின்றன?

அண்ணன் கடையில் உடைந்த ஸ்பீக்கர் காந்தம் ஒன்று கிடந்தது. மேலே ஓர் அட்டையைத் தொடாமல் பிடித்து, லேத் பட்டறை இரும்புத்தூளைத் தூவினோம். பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே கோலம். பிறகு அட்டைக்கு அடியில் காந்தத்தை மட்டும் கையால் மெல்லத் திருப்பினேன். தூள் நகரவில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும், காந்தம் ஒரு சுற்று வரும்போதெல்லாம் நாலைந்து துகள்கள் தலையாட்டின. ஸ்பீக்கர் காந்தம் முழுக்க ஒரே சீராகக் காந்தமேறியிருப்பதில்லை. எங்கோ கொஞ்சம் பலம் கூடியோ குறைந்தோ இருந்திருக்கும், அந்த மேடுபள்ளம்தான் சுற்றி வந்தது. இந்தத் தலையாட்டலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஃபாரடேவுக்கு வருவோம். 1831 அக்டோபர் 28-ஆம் தேதி, 12 அங்குல விட்டமுள்ள செப்புத் தட்டு ஒன்றை ராயல் சொசைட்டியின் பெரிய காந்தத்தின் துருவங்களுக்கு நடுவே சுழற்றினார். தட்டின் அச்சில் ஒரு தொடுகம்பி, விளிம்பில் ஒன்று. மின்சாரம் ஓடுவதைக் காட்டும் கால்வனாமீட்டரின் முள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. உலகின் முதல் ஜெனரேட்டர் அதுதான். காயிலும் கிடையாது, கம்யூட்டேட்டரும் கிடையாது, வெறும் தட்டு.

அதோடு விட்டிருந்தால் நமக்குத் தலைவலி இல்லை. அவர் விடவில்லை. காந்தத்தைச் சுற்றி, செப்புத் தட்டை நிறுத்திப் பார்த்தார்: மின்சாரம் இல்லை. அப்புறம் இரண்டையும் ஒன்றாக ஒட்டி, நடுவில் காகிதம் வைத்து, சேர்த்தே சுற்றினார். மின்சாரம் வந்தது! தட்டுக்கும் காந்தத்துக்கும் இடையே ஒரு மயிரிழை நகர்வுகூட இல்லை, ஆனாலும் வந்தது. செப்பே வேண்டாம் என்று காந்தத்தையே சுற்றி, அதன் அச்சிலும் இடுப்பிலும் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். அதிலும் வந்தது.

நாங்களும் செய்து பார்த்தோம். நடுவில் ஓட்டை உள்ள 5 செ.மீ. நியோடிமியம் காந்தம், அதே அளவுக்கு வெட்டிய செப்புத் தகடு, இரண்டையும் போல்ட்டில் கோத்து ட்ரில்லின் வாயில் மாட்டினோம். நான் வாங்க வந்த மிக்ஸி கார்பன் பிரஷ் ஒன்று விளிம்பில், இன்னொன்று போல்ட்டில். மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்தோம். (யாராவது செய்வதாக இருந்தால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், நியோடிமியம் பீங்கான் மாதிரி நொறுங்கும். இந்த வேகத்தில் அது தெறித்தால் விளையாட்டில்லை.) முதலில் பிரஷ் குதித்ததில் எண்கள் கூத்தாடின. அண்ணன் வந்து பிரஷ்ஷை ஸ்பிரிங்கோடு ஒரு மரக்கட்டையில் பொருத்திக் கொடுத்ததும் 14, 15, 16 மில்லிவோல்ட் என்று அடங்கியது. ட்ரில்லை எதிர்ப்பக்கம் ஓடவிட்டால் அதே எண், முன்னால் மைனஸ்.

கணக்கும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. புலத்தின் பலம், கோண வேகம், ஆரத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கி அதில் பாதி. தகட்டருகே 0.2 டெஸ்லா, நிமிடத்துக்கு 2,800 சுற்று, 2.5 செ.மீ. ஆரம் என்றால் 18 மில்லிவோல்ட். விளிம்பில் புலம் கொஞ்சம் தளர்வதால் நமக்கு அதற்குள் நின்றது. பிறகு தகட்டை மட்டும் சுற்றி, காந்தத்தைக் கட்டையில் நிறுத்தினோம்; அப்போதும் கிட்டத்தட்ட அவ்வளவே. தகட்டை நிறுத்திக் காந்தத்தை மட்டும் சுற்றினால் மீட்டர் பூஜ்யத்தைச் சுற்றியே நடுங்கியது.

அண்ணன் முகத்தில் சந்தேகம். "ரெண்டும் ஒட்டிக்கிட்டுச் சுத்துது. ஒண்ணை ஒண்ணு வெட்டவே இல்ல. அப்புறம் எப்படி வரும்?"

காயில் கட்டுகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். "கோட்டைக் கம்பி வெட்டினால் மின்சாரம்" என்று நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். ஃபாரடே இதற்குச் சொன்ன பதில் துணிச்சலானது: காந்தம் சுற்றினாலும் கோடுகள் சுற்றுவதில்லை. சூரியன் தன்னைத் தானே சுற்றுகிறது என்பதற்காக அதன் கதிர்களும் சேர்ந்து சுற்றுகின்றன என்று யாரும் சொல்வதில்லையே, அதுபோல என்று 1850-களின் தொடக்கத்தில் எழுதினார். நின்றுகொண்டிருக்கும் கோடுகளைச் சுழலும் தகடு வெட்டுகிறது, காந்தம் கூடச் சுற்றுவது கணக்கில் வராது. மூன்று சோதனைக்கும் பொருந்திவிட்டது.

ஆனால் எதிரணிக்கும் பதில் இருந்தது, அதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். கோடுகள் காந்தத்தோடு சுற்றுவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். தகடும் காந்தமும் சேர்ந்து சுற்றும்போது தகட்டைக் கோடு வெட்டவில்லை, சரி. ஆனால் பிரஷ்ஷிலிருந்து மீட்டருக்குப் போகும் வயர் நின்றுகொண்டிருக்கிறதே! சுழலும் கோடுகள் அந்த வயரை வெட்டுமே! கணக்குப் போட்டால் வயரில் வரும் வோல்ட்டேஜ், முன்பு தகட்டில் வந்ததாகச் சொன்ன அதே அளவு. காந்தம் மட்டும் சுற்றும்போது? தகட்டையும் வெட்டுகிறது, வயரையும் வெட்டுகிறது. இரண்டும் எதிரெதிராக வந்து கழிந்து பூஜ்யம். பட்டிமன்றத்தில் இரண்டு அணியும் ஒரே சாட்சியைக் கூட்டிவந்து ஜெயித்த மாதிரி.

மீட்டரோடு மூடிய சுற்றை வைத்துக்கொண்டு இந்த வழக்கை என்றைக்கும் தீர்க்க முடியாது. யாரும் கவனிக்காமல் விடும் அந்த இரண்டு முழ வயர்தான் புதிரின் பாதி. அண்ணன் கேள்விக்கு நேர்ப்பதிலும் அங்கேதான் இருக்கிறது. தகடும் காந்தமும் ஒன்றையொன்று பார்த்து நகரவில்லை, வாஸ்தவம்; ஆனால் தகடும் வயரும் நகர்கின்றன. மீட்டரையும் வயரையும் தகட்டின் மேலேயே ஒட்டி எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றினால் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும்.

மூடிய சுற்றால் முடியாது என்றால், திறந்த சுற்று. 1912-ல் பார்னெட், 1917-ல் கென்னார்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள், மின் சார்ஜைச் சேர்த்துவைக்கும் கண்டன்சரை வைத்துப் பார்த்தார்கள். குழாய்க்குள் குழாய் வைத்த மாதிரியான கண்டன்சரை காந்தப்புலத்துக்குள்ளேயே வைத்துவிட்டால், வெளியே ஓடும் வயர் என்ற சாக்கு இல்லை. புலத்தை உண்டாக்கும் காயில் சுற்றினால் கண்டன்சரில் சார்ஜ் ஏறவில்லை. கண்டன்சர் சுற்றினால் ஏறியது. "சுற்றாது" அணிக்கு வெற்றி என்று இதை எழுதிவைத்தவர்கள் உண்டு. சோதனையைப் பொறுத்தவரை சரிதான், ஆனால் "கோடு நிற்கிறது" என்று சொல்வதும் கோட்டை ஒரு பொருளாக்கி விடுகிறது. கோடு ஒன்றும் காந்தத்திலிருந்து முளைத்த மயிரல்ல, சுற்றுவதற்கோ நிற்பதற்கோ.

காந்தப்புலம் என்றால், காந்தத்தைச் சுற்றியுள்ள இடத்தில் ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் அளவும் ஒரு திசையும். அவ்வளவுதான். பள்ளிப் புத்தகத்துக் கோடுகள் அந்தத் திசைகளைக் காட்ட நாம் வரைந்துகொண்டவை. வானிலை வரைபடத்தில் காற்றழுத்தக் கோடு வரைகிறார்களே, அந்த மாதிரி. வங்கக் கடலுக்கு மேலே போய் அந்தக் கோட்டைக் கையால் பிடிக்க முடியுமா? ஒரே சீரான வட்டக் காந்தம் அச்சில் சுழலும்போது எந்தப் புள்ளியிலும் அளவோ திசையோ மாறுவதில்லை. அப்படியானால் "புலம் சுற்றுகிறதா" என்று கேட்டால் ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் இடையில் அளந்து பார்க்க எந்த வித்தியாசமும் கிடையாது.

பம்பரம் விட்டவர்களுக்கு இது தெரியும். நல்ல பம்பரம் நிலைகொண்டு சுற்றும்போது அசைவே தெரியாது. "பம்பரம் தூங்குது" என்போம். ஒரே வண்ணம் பூசிய பம்பரமாக இருந்தால் சுற்றுகிறதா, ஆணியில் நிற்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஓரத்தில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்தால்தான் குட்டு வெளிப்படும். சீரான காந்தத்தின் புலம் தூங்கும் பம்பரம். ஸ்பீக்கர் காந்தத்தில் தலையாட்டிய நாலு துகள்கள் அந்தச் சுண்ணாம்புப் புள்ளி.

அப்படியென்றால் மின்சாரம் எங்கிருந்து? தகட்டிலுள்ள எலக்ட்ரான்கள் தகட்டோடு சேர்ந்து ஓடுகின்றன. காந்தப்புலத்தில் ஓடும் மின்துகளை, ஓடும் திசைக்கும் புலத்துக்கும் குறுக்காக ஒரு விசை தள்ளும். அதற்கு லாரன்ஸ் விசை என்று பெயர். தட்டு சுற்றினால் அந்தக் குறுக்குத் திசை ஆரத்தின் வழியே, அச்சுக்கும் விளிம்புக்கும் இடையில் அமைகிறது. இந்தக் கணக்கில் புலத்தின் வேகம் என்று ஒரு சொல்லே வருவதில்லை. துகளின் வேகம், துகள் இருக்கும் இடத்தில் புலத்தின் அளவு, இரண்டு போதும்.

ஐன்ஸ்டைன் 1905-ல் எழுதிய சார்பியல் கட்டுரை காந்தமும் கம்பியும் நகரும் கதையோடுதான் தொடங்குகிறது. இந்த வகை எந்திரங்களில் மின்னியக்கு விசை (மின்சாரத்தை ஓட வைக்கும் வோல்ட்டேஜ்) எங்கே உட்கார்ந்திருக்கிறது, தகட்டிலா வயரிலா என்ற கேள்விக்கு இனி அர்த்தமில்லை என்று அதே கட்டுரையில் அவர் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். ஒருவர் பார்வையில் காந்த விசையாகத் தெரிவது, கூடவே நகரும் இன்னொருவருக்கு மின் விசையாகத் தெரியலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றியதாகும். சுழலும் காந்தம் சும்மா நிற்கும் காந்தத்தைப் போலவே எல்லா வகையிலும் இருக்கும் என்பதில்லை. காந்தமேறிய பொருள் நகர்ந்தால் அதில் லேசான மின் முனைவாக்கமும் (நேர், எதிர் மின்னூட்டங்கள் கொஞ்சம் விலகி நிற்பது) தோன்றும் என்கிறது சார்பியல். 1913-ல் ஹரோல்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் அரக்கு பூசிய சின்னஞ்சிறு எஃகு குண்டுகளை அடைத்து ஓர் உருளை செய்து, காந்தப்புலத்தில் சுழற்றி இதை அளந்தார்கள். ஆக, சுழற்சியின் தடயம் காந்தப்புலத்தில் இல்லாவிட்டாலும் மின்புலத்தில் கொஞ்சம் இருக்கும்.

இன்னொரு விஷயம், யூடியூப் புண்ணியத்தில். காந்தமும் தட்டும் சேர்ந்து சுற்றும்போது ஒன்றையொன்று எப்படிப் பின்னுக்கு இழுக்கும், இழுக்காதே, ஆகவே இது செலவில்லாத மின்சாரம் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. பாதி வாதம் நிஜம்: ஒட்டிய தட்டும் காந்தமும் தங்களுக்குள் எவ்வளவு தள்ளிக்கொண்டாலும் மொத்தத்தில் சுழற்சி குறையாது. ஆனால் மின்சாரம் வெளி வயர் வழியாகத்தானே திரும்பி வர வேண்டும்? அந்த வயரில் ஓடும் மின்சாரம் காந்தத்தைப் பின்னுக்குத் தள்ளும். மறுபடியும் அதே வயர். ஆஸ்திரேலியாவில் கான்பெராவிலிருந்த தேசியப் பல்கலைக்கழகத்து ஹோமோபோலார் ஜெனரேட்டர், அதாவது ஃபாரடே தட்டு வகை ஜெனரேட்டர், 1960-களில் ஓடத் தொடங்கியது. ராட்சத எஃகுத் தட்டுகளைச் சுழற்றி 500 மெகாஜூல் வரை சேர்த்துவைத்து, ஒரே வீச்சில் லட்சக்கணக்கான ஆம்பியராகக் கொட்டும் எந்திரம். கொட்டும்போது தட்டுகளின் வேகம் குறைந்தது. இனாமாக எதுவும் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் சொன்னபோது அண்ணன் தன் கையிலிருந்த ஸ்டேட்டரைக் காட்டினார். "இதுல ஒண்ணுமே சுத்தாது. ஆனா புலம் சுத்துதுன்னுதானே சொல்றோம்?" சரியான இடத்தில் பிடித்தார். த்ரீ பேஸ் மோட்டாரில் மூன்று காயில் கூட்டங்களுக்கு மின்சாரம் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்துக்கு வருவதால், புலத்தின் திசை ஒவ்வொரு புள்ளியிலும் சுழன்று மாறுகிறது. அங்கே இம்மியளவும் நகராத இரும்புக்குள் புலம் சுழல்கிறது. இங்கே கரகரவென்று காந்தம் சுற்றியும் புலத்தில் மாற்றமில்லை. இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டியது ஒன்றே: அந்தப் புள்ளியில் அளவோ திசையோ மாறுகிறதா?

கடலூரிலிருந்து அரை மணி, முக்கால் மணி பஸ்ஸில் புதுச்சேரி. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் காந்த ஆய்வுக்கூடம் ஒன்று அங்கே இருக்கிறது. பூமியின் காந்தப்புலம் இந்தப் பக்கத்தில் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. காந்த நடுக்கோடு தென் தமிழகத்தின் வழியே போவதால் நம் ஊரில் புலம் ஏறக்குறைய படுத்துக் கிடக்கிறது, வடக்கு நோக்கி. பூமியோடு சேர்ந்து புதுச்சேரி கிழக்கே நொடிக்கு 455 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. பெருக்கினால் உயரத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் 18 மில்லிவோல்ட். கடற்கரைச் சாலையில் 30 மீட்டர் கொடிக்கம்பம் நட்டால் உச்சிக்கும் அடிக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும்.

மீட்டரை எடுத்துக்கொண்டு போனால் ஒன்றும் கிடைக்காது. உச்சியிலிருந்து கீழே இறக்கும் வயரும் அதே 455 மீட்டர் வேகத்தில் கிழக்கே போகிறது. கம்பத்தில் வருவதை வயர் கழித்துவிடும். நாம் எல்லாரும் தட்டின் மேல் ஒட்டிய மீட்டர். தட்டைவிட்டு இறங்கினால்தான் முள் அசையும். ஃபாரடே 1832 ஜனவரியில் லண்டன் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்றுக்குள் செப்புத் தகடுகளை இறக்கி, ஓடும் தண்ணீரை அப்படி இறங்கிய பொருளாகப் பயன்படுத்தப் பார்த்தார். தெளிவான அளவு கிடைக்கவில்லை. பெண்ணையாற்றில் செய்திருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் கரைக்குக் கரை வோல்ட்டேஜ் வரச் செங்குத்துப் புலம் வேண்டும், நம்மூரில் அது சொற்பம். 1996-ல் கொலம்பியா விண்ணோடத்திலிருந்து கிட்டத்தட்ட 20 கி.மீ. நீளக் கம்பியில் ஒரு செயற்கைக்கோளைக் கட்டிப் பறக்கவிட்டபோது முள் நன்றாகவே அசைந்தது. 3,500 வோல்ட் வரை வந்தது, கம்பி அறுந்தும் போனது.

பூமி ஒன்றும் தூங்கும் பம்பரமில்லை. அதன் காந்த அச்சு, சுழலும் அச்சிலிருந்து ஏறக்குறைய 10 டிகிரி சாய்ந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தச் சாய்வு ஒரு நாளைக்கு ஒரு முறை சுற்றி வருவது தெரியும். வியாழனுக்கும் அதே அளவு சாய்வு. அங்கே நின்று பார்க்கத் தரையே கிடையாது, எல்லாம் மேகம். ஆனாலும் அதன் ரேடியோ அலைகள் 9 மணி 55 நிமிடத்துக்கு ஒரு முறை ஏறி இறங்குவதை வைத்து அந்தக் கோளின் ஒரு நாளை அளந்தார்கள்.

அதே வித்தையைச் சனியிடம் காட்டியபோது மாட்டிக்கொண்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் வாயேஜர் விண்கலம் ரேடியோ அலைகளை வைத்துச் சொன்னது 10 மணி 39 நிமிடம். 2004-ல் காசினி விண்கலம் போய் அளந்தால் 10 மணி 45 நிமிடம். கால் நூற்றாண்டில் ஒரு கோள் ஆறு நிமிடம் சோம்பேறியாக முடியாது. ரேடியோ துடிப்பு கோளின் உள்ளே சுற்றுவதைக் காட்டவில்லை என்றுதான் அர்த்தம். காந்தப்புலத்தையே நேராக அளந்து பார்க்கலாம் என்றால், சனியின் காந்த அச்சும் சுழல் அச்சும் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே படிந்திருந்தன. காசினியின் கடைசிச் சுற்றுகளில் கிடைத்த கணக்குப்படி சாய்வு நூறில் ஒரு டிகிரிக்கும் குறைவு. சுண்ணாம்புப் புள்ளி இல்லாத பம்பரம். கோள் சுற்றுகிறது, காந்தம் சுற்றுகிறது, புலத்தில் ஒரு தடயமும் இல்லை.

கடைசியில் 2019-ல், சனியின் உள் அதிர்வுகள் அதன் வளையங்களில் எழுப்பும் மெல்லிய அலைகளை எண்ணித்தான் 10 மணி 33 நிமிடம் 38 நொடி என்று கண்டுபிடித்தார்கள்.